வழியில் விழுந்துவிட்ட ஓர் 'இல்லை'

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, அவளுடைய தையல் மெஷின் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முட்டிவலி மட்டும் சௌக்கியமாக இருக்கக் கூடாது, இந்நேரம் உங்களை விட்டு எங்காவது தொலைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான், போனை எடுத்துப் பேச வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். பேசத்தான் பார்த்தேன். இந்தப் பத்தொன்பது நாளில் பதினோரு முறை கூப்பிட்டேன். பதினோரு முறையும் அக்காதான் எடுத்தாள். பதினோரு முறையும் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். காலை பத்து மணிக்குப் போட்டாலும் குளியல், மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டாலும் குளியல். ஒரு தடவை அக்கா, "அவர் இப்பதான்டா குளிக்கப் போனாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் தும்மினது கேட்டது. இவ்வளவு குளித்தால் தும்மல் வராமல் என்ன செய்யும். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதிய வார்த்தை நடுவழியில் கழன்று விழாது, நீங்கள் படிக்கிறவரை வைத்த இடத்திலேயே இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் மேல் வருத்தமாக இருக்கிறீர்கள். அந்த வருத்தத்துக்குக் காரணம் நான் அல்ல, எங்கள் வீட்டு வயர்லெஸ். இதை நான் சொன்னால் கம்பி கட்டுகிற கதை என்பீர்கள். உண்மையிலேயே இது கம்பி கட்டாததால் வந்த கதைதான். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கிடங்கில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணிவிட்டு ஓய்வு பெற்று வந்தவன் வீட்டில் எதை எண்ணுவேன் சொல்லுங்கள். மனைவியின் நூல்கண்டுகளை எண்ண ஆரம்பித்தேன். நீலத்தில் ஒன்று குறைகிறதே என்று கேட்ட அன்றைக்கு அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, உங்களுக்கு ரெண்டு பாஷை தெரியுது. ரெண்டையும் என்கிட்டயே பேசித் தீக்கணுமா? வெளியில யாருக்காவது வேணுமான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றாள். அப்படிக் கேட்டுப் பார்த்துக் கிடைத்ததுதான் இந்த வேலை, ஆஸ்பத்திரிகளுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துச் சொல்வது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, வந்திருக்கிறவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது, இரண்டு பேருக்கும் நடுவில் கம்ப்யூட்டர் வழியாக நான். முகம் கிடையாது, குரல் மட்டும். டாக்டர் அவர் மொழியில் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், இவர்கள் தமிழில் முனகுவதை அவர் மொழியில் சொல்ல வேண்டும். பின்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலையில் ஹெட்போன். அறுபத்தொரு வயதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "நான் ஆபீஸ்ல இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் இருக்கிறது அத்தான். நோயாளி எழுந்து போகும்போது, "நல்லா புரியும்படியா சொன்னீங்கய்யா" என்று சொன்னால் அன்றைக்கு முழுவதும் மனசு குளிர்ந்துவிடுகிறது.

வேலை கிடைத்த கையோடு உங்களுக்குத்தான் சொன்னேன். அப்போதே நீங்கள், "மாப்பிள்ளை, பேசற வேலைக்குக் காத்துல வர்றதை நம்பாதீங்க. வயரை இழுத்து மேசையில கொண்டாந்து சொருகுங்க, அப்புறம் நிம்மதியாத் தூங்குங்க" என்றீர்கள். நாற்பது வருடம் டெலிபோன் லைன் இழுத்தவர் சொல்கிறார், கேட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வெள்ளையடித்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மனைவி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சுவத்துல ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா நான் உங்ககிட்ட மூணாவதா ஒரு பாஷை பேச வேண்டியிருக்கும்" என்றாள். அந்த பாஷையை நான் ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை கேட்டிருக்கிறேன், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனேன். அவர் சிரித்தார். "வயரா? யாரு சார் இப்பல்லாம் வயர் போடறா? எல்லாம் காத்துலயே வரும் சார். நீங்க பாத்ரூம்ல உக்காந்துகூட ஆபீஸ் நடத்தலாம்" என்றார். எனக்குப் பாத்ரூமில் ஆபீஸ் நடத்துகிற உத்தேசம் இல்லை என்றாலும் அந்தச் சுதந்திரம் பிடித்திருந்தது. இரண்டு கொம்பு முளைத்த பெட்டி ஒன்றை வாங்கி வந்து, லைன் வீட்டுக்குள் நுழைகிற இடம் வாசல் பக்கம் என்பதால் ஹாலில் வாசலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஹால் சுவர், அடுக்களைச் சுவர், ஃப்ரிட்ஜ், நடைபாதை, அதற்கப்புறம் பின்னறைச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆளுயரக் கண்ணாடி பீரோ. இத்தனையையும் தாண்டி வருகிற இன்டர்நெட் களைத்துத்தானே வரும். முதல் வாரத்திலிருந்தே நோயாளிகள், "என்ன தம்பி சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு ஒரு மேற்பார்வை அம்மா இருக்கிறார், நல்ல மனுஷி, அவரும் கூப்பிட்டு, "சார், உங்க பேச்சு முடியறதுக்கு முன்னாடியே நின்னுடுதுன்னு சொல்றாங்க. உங்க லைனைக் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் ஒரு நோட்டில் குறித்துவைத்து ஆராய்ந்தேன். கிடங்குப் பழக்கம் விடுமா. ஆராய்ந்ததில் ஓர் அதிசயம் தெரிந்தது அத்தான். இந்த வயர்லெஸ் தமிழை மட்டும்தான் வெட்டுகிறது. டாக்டரின் மொழியில் நான் பேசுகிறபோது ஒரு தடங்கலும் இல்லை. தமிழிலும் முதல் வார்த்தையைத் தொடுவதில்லை, நடு வார்த்தையைத் தொடுவதில்லை, குறிபார்த்துக் கடைசி வார்த்தையைத்தான் பிடுங்குகிறது. "இந்த மாத்திரையை வெறும் வயித்துல போடக் கூடாது" என்று நான் சொன்னால், "வெறும் வயித்துல போட" என்பது வரைக்கும்தான் போய்ச் சேர்கிறது. "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றால் "பயப்படற மாதிரி" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ஆள் அங்கே வெலவெலத்துப் போகிறார். டாக்டர் மொழியில் 'இல்லை' என்பது முன்னாலேயே வந்துவிடுகிறது, அதனால் பிழைத்துக்கொள்கிறது. நம் பாஷையில் 'இல்லை', 'கூடாது', 'மாட்டேன்' எல்லாம் ஊர்வலத்தில் பின்னால் வருகிற ஆள் மாதிரி கடைசியில்தான் வருகின்றன. வழியில் லைன் போனால் நஷ்டம் முழுக்கத் தமிழுக்கு. இதைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பூஸ்டர்னு ஒண்ணு இருக்கு சார், நடுவுல சொருகினா சிக்னலைக் கூட்டிக் குடுக்கும், வாங்கிக்கோங்க" என்றார். வாங்கினேன். அதைச் சொருக நடுவில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட் மனைவி இஸ்திரிப் பெட்டி போடுகிற பாயின்ட். அவள் தேய்க்கும்போது பூஸ்டர் இல்லை, பூஸ்டர் இருக்கும்போது அவளுக்கு வேலை இல்லை. அவளுடைய வேலை என் வேலைக்குச் சீனியர், ஆகவே பூஸ்டர் பீரோவுக்குள் போயிற்று.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குக் காலையில் நான் பின்னறை கம்ப்யூட்டரிலிருந்து வீடியோ போட்டுப் பேசினேன், நீங்களும் அக்காவும் வந்தீர்கள், என் மனைவி என் பக்கத்தில் நின்றாள். என் கேமரா கொஞ்சம் தாழ்த்திப் பார்க்கிற ஜாதி. "என்ன மாப்பிள்ளை, சட்டைப் பொத்தானும் கழுத்தும்தான் தெரியுது, முகத்தைக் காட்டக் கூடாதுன்னு ஏதாவது வேண்டுதலா?" என்று நீங்கள்கூடக் கேலி செய்தீர்கள். சிரித்தோம். பிறகு, ஏற்கெனவே அக்காவிடம் புலம்பியிருந்த லைன் தொல்லையை உங்களிடமும் சொன்னேன். நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரி விடுங்க, நானே வர்றேன். பத்து நாள் தங்கி, சுவத்துக்கு நோகாம லைன் இழுத்துக் குடுத்துட்டு வர்றேன். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லியே?" என்று கேட்டீர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்கு நான் சொன்ன பதில் இது, அப்படியே எழுதுகிறேன்: "என்ன அத்தான் இப்படிக் கேக்கறீங்க? நீங்க வந்து தங்கறது எங்களுக்குத் தொந்தரவே இல்ல."

இதில் கடைசி வார்த்தை உங்களுக்கு வந்து சேரவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. எப்படியென்றால், உங்கள் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. கண் இமைக்கவில்லை, வாய் பாதி திறந்தபடி இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். பின்னால் அக்கா மடித்த துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், வெறுங்கையோடு இந்தப் பக்கம் வந்தாள், நீங்கள் மட்டும் அசையவில்லை. சரி, லைன் நின்றுபோயிற்று, தானாக வரும் என்று நானும் பேசாமல் காத்திருந்தேன். அப்புறம் நீங்கள் அசைந்து, "அப்படியா. சரி" என்றீர்கள். திரை கறுப்பாகிவிட்டது. கரண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போய்விட்டேன் அத்தான், அதுதான் என் புத்தி.

அடுத்த நாள் அக்கா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. "டேய் முழுங்கி, அவரைப் பாத்து அப்படியா சொல்லுவே? வர்றது தொந்தரவேன்னு?" என்று ஒரு பிடி பிடித்தாள். (அக்கா என்னை இன்னும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறாள். சின்ன வயதில் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் முழுங்குவேன், அதனால் வந்த பெயர் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.) நான் பதறிப்போனேன். 'தொந்தரவு' என்று மட்டும் வந்திருந்தாலாவது ஏதோ சொல்ல வந்தான், பாதியில் நின்றுவிட்டது என்று விட்டிருப்பீர்கள். அந்தப் பாழாய்ப்போன 'ஏ' ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. தொந்தரவு அல்ல, தொந்தரவே. இரண்டு அங்குல ஆணியைத் தலைவரை அடித்த மாதிரி ஆகிவிட்டது. அதைவிட, அக்கா அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் எழுந்து போய், ஏற்கெனவே எடுத்துவைத்திருந்த கருவிப் பையைத் திறந்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து அலமாரியில் பழையபடி வைத்தீர்களாம். நான் கேட்பதற்கு முன்னாலேயே பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் இங்கே நடந்ததையும் கேளுங்கள். வயர்லெஸ் வேண்டுமென்றால் பெட்டிக்குப் பக்கத்தில் நான் போக வேண்டும் என்று முடிவுசெய்து ஹாலில் போய் உட்கார்ந்தேன். ஹால் என்பது மனைவியின் தையற்கடை. முதல் நாளே ஒரு வயதான அம்மா வயிற்றுவலி என்று டாக்டரிடம் வந்திருந்தார். டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் பேசுவதற்குக் காத்திருந்தேன், ஹெட்போன் மைக் திறந்திருந்தது. என் முதுகுக்குப் பின்னால் மனைவி ஒரு வாடிக்கைக்காரப் பெண்ணுக்கு ரவிக்கை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயித்துப் பக்கம் ரொம்ப இறுக்கமா இருக்கே. பிரிச்சுடலாமா?"

"பிரிச்சுடுங்க."

"பிரிச்சுட்டு வலது பக்கம் கொஞ்சம் வெட்டிட்டுத் திரும்பத் தைச்சுடறேன். ஊசிதான் மழுங்கிப்போச்சு, பரவால்ல, ஓட்டிடலாம்."

"எப்ப முடியும்?"

"வியாழக்கிழமை மத்தியானம் வந்துடுங்க."

அந்த அம்மா அங்கே அழ ஆரம்பித்துவிட்டார். "தம்பி, வெறும் வாயுன்னுதானே சொன்னாங்க. புது ஊசியாவது வாங்கச் சொல்லுங்க தம்பி" என்கிறார். டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, ஏன் அழுகிறார்கள் என்று என்னைக் கேட்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரவிக்கை என்பதை டாக்டர் மொழியில் சொல்லி, ரவிக்கைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தம் இல்லை என்பதை இரண்டு மொழியிலும் சொல்லி முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. வாயுவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் போனார். சாயங்காலம் மேற்பார்வை அம்மா கூப்பிட்டு, "சார், உங்க வீட்ல வேற டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கே வயருக்கு மாறிவிட்டேன். சுவரில் ஓட்டை கூடாது, ஆணி கூடாது, ஒட்டுகிற டேப் மட்டும் போடலாம் என்று மனைவியிடம் அனுமதி வாங்கினேன். அவளுடைய அளவு டேப்பாலேயே வாசலிலிருந்து பின்னறை மேசைவரை தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய் அளந்து, அந்த அளவுக்கு வயர் வாங்கிவந்தேன். தரையை அளந்தேனே தவிர, வயர் இரண்டு வாசல் நிலைகளின் மேல் ஏறி இறங்க வேண்டும் என்பதை அளக்கவில்லை. கடைசியில் வயர் வந்து நின்ற இடத்துக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்த அளவுக்கு இடைவெளி. வயர் மேசைக்கு வராததால் மேசை வயருக்குப் போயிற்று. பின்னறை வாசலிலேயே, பாதி உடம்பு அறையிலும் பாதி நடைபாதையிலுமாக உட்கார்ந்து ஆபீஸ் நடத்தினேன். கதவைச் சாத்த முடியாது. நோயாளி பேசுவது வேறு யார் காதிலும் விழக் கூடாது என்பது எங்கள் ஆபீஸின் கண்டிப்பான சட்டம். மனைவிதான் அதற்கு வழி சொன்னாள். "நீங்க பேசற நேரமெல்லாம் நான் மெஷினை நிறுத்தாம ஓட்டறேன். அந்தச் சத்தத்துல எனக்கு ஒரு எழுத்துக்கூடக் காதுல விழாது" என்றாள். சொன்னபடியே ஓட்டினாள். தைக்க வேலை இல்லாதபோது வெட்டி மிஞ்சின துண்டுத் துணியில் கோடு கோடாகத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி மனைவி எவனுக்குக் கிடைப்பாள் அத்தான். மூன்று நாள், ஒரு சொல் கீழே விழவில்லை, சொர்க்கம். வயரென்றால் வயர்தான், எங்கள் அத்தான் சொன்னால் சொன்னதுதான் என்று நோட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

நான்காம் நாள் அவள் தரை துடைக்கும்போது துடைப்பான் வயரில் மாட்டி இழுத்ததில், முனையில் 'டக்' என்று பிடித்துக்கொள்ளுமே ஒரு குட்டிக் கொக்கி, அது ஒடிந்துவிட்டது. அதிலிருந்து நான் காலை நகர்த்தினால் வயர் கழன்றுகொள்கிறது, தும்மினால் கழன்றுகொள்கிறது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி வேலை பார்க்கிறேன். கடைக்காரரிடம் ஒடிந்த முனையைக் காட்டினேன். "வயர்னாலே இந்தத் தொல்லைதான் சார். வயர்லெஸ் மாதிரி வருமா?" என்றார். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் பிழைக்க வேண்டும்.

முந்தாநாள் அந்த ஒடிந்த கொக்கி பீரோவுக்கு அடியில் போயிருக்குமோ என்று நானும் மனைவியும் பீரோவை நகர்த்தினோம். கொக்கி கிடைக்கவில்லை. அதற்குப் பின்னால் சுவரில், பெயின்டர் பீரோவைத் தள்ளாமல் சுற்றி அடித்துவிட்டுப் போன பழைய சுவரில், வட்டமாக ஒரு பைப் வாய் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் ஓர் அம்புக்குறி. அதற்குக் கீழே 'இங்கே' என்று உங்கள் கையெழுத்து. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நீங்கள் வந்து டெலிபோன் லைன் இழுத்தீர்களே, அது. டெலிபோன் போய்விட்டது, பீரோ வந்து மறைத்துவிட்டது, பைப் சுவருக்குள் அப்படியே இருக்கிறது. திரைச்சீலை மாட்டுகிற ஸ்பிரிங் ஒன்றை அதற்குள் விட்டுப் பார்த்தேன். போனது போனதுதான், எந்தப் பக்கமும் வெளியே வரவில்லை. அது எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்கும் அந்தப் பைப்புக்கும்தான் தெரியும். மனைவி அந்தப் பென்சில் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல யாரும் பெயின்ட் அடிக்கக் கூடாது" என்றாள். சுவர் விஷயத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்து நான் கேட்டதே இல்லை.

ஆகவே அத்தான், ஒரு புது ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை. நீங்கள் போட்ட வழி இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மேற்பார்வை அம்மா என் வேலையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். வேலை போனால் போகிறது, எண்ணுவதற்கு நூல்கண்டு இருக்கிறது. நீங்கள் என்னோடு பேசாமல் இருப்பதுதான் எனக்கு ஆகவில்லை. எனக்கு அண்ணன் கிடையாது. நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஒரு ஓட்டை வயர்லெஸ் நம் இருவருக்கும் நடுவில் புகுந்து இப்படிச் செய்துவிட்டதே என்று நினைத்தால் அந்தக் கொம்பு முளைத்த பெட்டியைக் கொம்போடு தூக்கிக் குப்பையில் போடலாம் போல இருக்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் முட்டிக்கு என் பிரார்த்தனை. உங்கள் கருவிப் பைக்கும் என் அன்பான விசாரிப்பைச் சொல்லவும். பெரியவர்களான நீங்கள் இருவரும் எங்களை ஆசீர்வதித்து, குளித்து முடித்த ஒரு நல்ல நேரத்தில் பதில் போடவும்.

இப்படிக்கு,
வயருக்குப் பக்கத்தில் கால் அசைக்காமல் உட்கார்ந்திருக்கும்
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் மேற்பார்வை அம்மாவிடமிருந்து ஒரு பதிவு வந்தது. நான் பேசிய பேச்சைத்தான் ஆபீஸில் பதிந்து அனுப்பியிருக்கிறார்கள், 'நீங்களே கேட்டுப் பாருங்கள் சார்' என்று. தேதியைப் பார்த்தேன். வயர் ஒழுங்காக இருந்த அந்தச் சொர்க்க நாட்களில் இரண்டாவது நாள். பெருமையாக மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டேன். "காரம் சேத்துக்கக்" என்று என் குரல் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. "குனிஞ்சு பாரத்தைத் தூக்கக்." ஒன்றும் இல்லை. "பாத்தியா, அன்னைக்கே லைன் கட்டாயிருக்கு" என்றேன். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "லைன் கட்டாகல. என் மெஷின் சத்தம் பின்னாடி நிக்காம ஓடிட்டே இருக்கு பாருங்க. நீங்கதான் நின்னுடறீங்க" என்றாள். திரும்பப் போட்டுக் கேட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது அத்தான். ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. 'கூடாது' மட்டும்தான் இல்லை.

"இல்லை, கூடாதுன்னு வர்ற எடத்துல நீங்க வாயால சொல்றதில்லைங்க. தலையை ஆட்டறீங்க" என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானாம். 'தொந்தரவே' என்று சொல்லிவிட்டு நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேனாம், பக்கத்தில் நின்ற அவளுக்குப் புரிந்ததாம், உங்களுக்கு என் சட்டைப் பொத்தான்தானே தெரிந்தது. ஆகவே அன்றைக்குத் திரையில் நின்றுபோனது லைன் இல்லை, நீங்களேதான். பின்னால் அக்கா துணியோடு நடந்தாளே, அதையாவது பார்த்து எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா. முழுங்கி என்ற பெயர் மாத்திரையால் வந்தது அல்ல. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை முழுங்குவேன், அக்காதான் வைத்தாள். அதையும் இத்தனை வருடம் முழுங்கிவிட்டேன்.

வயர்லெஸ்மேல் ஒரு குற்றமும் கிடையாது. அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசிவரை சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்கூட விழவில்லை. "அப்ப இனிமே அண்ணாவை எதுக்குன்னு சொல்லிக் கூப்பிடுவீங்க? இருபத்திரண்டு வருஷமா எதையாவது இழுக்கறதுக்குத்தானே கூப்பிட்டிருக்கீங்க" என்று மனைவி கேட்டாள்.

அதனால் அத்தான், மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள். வயர் தேவை இல்லை. பைப் தேவை இல்லை. கருவிப் பையும் தேவை இல்லை. சும்மா வாங்க. பத்து நாளோ ஒரு மாதமோ, உங்கள் இஷ்டம். நீங்கள் வந்து தங்குவது எங்களுக்குத் தொந்தரவே இல்லை. கடைசி வார்த்தையை எழுதும்போது வாய்விட்டும் சொன்னேன். தலையை ஆட்டவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி மனைவியிடம் பேனாவைக் கொடுக்கிறேன்.

அண்ணா, மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். சொன்னாரு. வாங்க.